முன்னே ஓடுபவரும் பின்னே காப்பவரும்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்டர்நெட் வழியே முகம் தெரியாதவர்களோடு குழு சேர்ந்து விளையாடுகிறார்கள். அடுத்த அறையிலிருந்து "ருக்கோ, ருக்கோ" என்ற கூச்சல் கேட்டால், கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லுமுன் சண்டை எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்வது நல்லது. பல சமயம் அது வேகத்தைப் பற்றியதுதான்.

2004-ல் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 'டஞ்சன்' என்பது எதிரிகள் நிறைந்த குகை அல்லது கோட்டை. ஐந்து பேர் உள்ளே போவார்கள். ஒருவர் 'டாங்க்'. தண்ணீர்த் தொட்டி அல்ல, ராணுவ டாங்கி. எதிரிகளின் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டு அடி தாங்குவது அவர் வேலை. இன்னொருவர் 'ஹீலர்', அதாவது வைத்தியர். மற்ற மூவர் எதிரியை அடித்து வீழ்த்துபவர்கள்.

டாங்க் முன்னே செல்வதால், எந்தக் கூட்டத்தை எப்போது சீண்டுவது என்று அவரே முடிவு செய்கிறார். ஆனால் செலவு வைத்தியர் கணக்கில் விழுகிறது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் 'மானா' என்ற சக்தி கரையும். திரையில் அது நீலப் பட்டையாகத் தெரியும். சண்டை இல்லாதபோது உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் விரைவில் நிறையும். அதற்குள் டாங்க் அடுத்த கூட்டத்தில் பாய்ந்துவிட்டால், பாதி நிறைந்த பட்டையோடு எழுந்து ஓட வேண்டியதுதான். மந்திரம் எட்டும் தூரத்துக்கும் எல்லை உண்டு. நடுவே சுவர் மறைத்தால் பலிக்காது. இன்னொரு சங்கடம், வைத்தியம் செய்வதே எதிரிகளுக்குக் கோபமூட்டும். டாங்க் இன்னும் தொடாத எதிரிகள் நேரே வைத்தியர் மேல் பாய்வார்கள். ஐவரும் விழுந்தால் முதல் திட்டு பெரும்பாலும் வைத்தியருக்கு.

டாங்க் பக்கமும் நியாயம் உண்டு. பல ஆயுதங்கள் ஒரே வீச்சில் பல எதிரிகளைத் தாக்கும். ஆகவே கூட்டங்களைச் சேர்த்து அடித்தால் நேரம் மிச்சம். 2013-ல் புதுப்பித்து வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 14' ஆட்டத்தில் குழு நால்வர். அங்கே மூடிய கதவு வரை உள்ள எதிரிகள் அத்தனை பேரையும் இழுத்துப் போவதே பலருக்கு வழக்கம். டாங்க் தன் தற்காப்புத் திறன்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவார். யாருக்கும் காயமில்லாத நேரத்தில் வைத்தியரும் எதிரியை அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அங்கே மெதுவாகப் போகும் டாங்க்தான் முணுமுணுப்பைக் கேட்க வேண்டியிருக்கும்.

2009 டிசம்பரில் வார்கிராஃப்டில் குழுவைத் தானாகவே சேர்க்கும் வசதி வந்தது. அதற்கு முன் துணைக்கு ஆள் தேடி, பேசி, வாசல் வரை நடந்து போக வேண்டும். முரட்டுத்தனம் செய்தால் பெயர் கெடும். பிறகு எங்கெங்கோ இருப்பவர்களை இயந்திரம் ஒன்றாக உள்ளே இறக்கிவிட்டது. வேலை முடிந்தால் பிரிவார்கள், வணக்கம்கூட இல்லை. பேச்சு நின்றதே சண்டைக்கு மூலகாரணம் என்பது என் கருத்து. 2016-ல் கடிகாரம் வைத்த டஞ்சன்களும் வந்தன. கெடு தவறினால் சாவியின் தரம் இறங்கும். அவசரத்துக்குக் கேட்க வேண்டுமா!

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இங்கே கர்ஜத்–லோனாவாலா மலைப்பாதை நினைவுக்கு வரும். 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பின்னாலிருந்து தள்ள 'பேங்கர்' எஞ்சின்கள் பூட்டுவார்கள். முன் டிரைவர் சைகை கொடுத்து, பின்னவர் பதில் கொடுத்த பிறகே வண்டி நகரும். பின்னவர் தயாரா என்று பார்க்காமல் முன்னவர் இழுத்தால் கப்ளிங் தாங்காது.

டாங்க் ஆடும் பிள்ளை அடுத்த கூட்டத்தைத் தொடுமுன் நீலப் பட்டையை ஒரு பார்வை பார்க்கட்டும். வைத்தியம் பழகும் பிள்ளை, "நான் புதிது, சிறு கூட்டமாக இழுங்கள்" என்று வாசலிலேயே எழுதிவிடட்டும். பாதி வழியில் சொன்னால் சாக்காகத்தான் தெரியும். மற்ற மூவர், டாங்கை முந்திக்கொண்டு எதிரியைச் சீண்டாதிருந்தாலே பெரிய உதவி.

குழுவினர் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றவும் வழி உண்டு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. சாப்பாட்டுத் தட்டின் முன் முகம் வாடி உட்காருவதன் காரணம் அதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பழகிக்கொள்ள, ஃபைனல் ஃபேன்டஸியில் 2019-லும் வார்கிராஃப்டில் 2024 ஜனவரியிலும் கம்ப்யூட்டரே துணைவர்களாக வரும் ஏற்பாடு செய்தார்கள். அந்தத் துணைவர்கள் திட்டுவதில்லை, ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுவதுமில்லை.