செஷன் 'சில சமயம்' காணாமல் போவது ஏன்?

"எப்பவாவதுதான் சார் லாகின் போயிடுது. எங்க மெஷின்ல வரவே மாட்டேங்குது." செஷன் பிழை பெரும்பாலும் இந்த வார்த்தைகளோடுதான் நம்மிடம் வரும். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியவருக்கு, கடைசி பட்டனை அழுத்தியதும் லாகின் பக்கம் வந்து நின்றால், 'எப்பவாவது' என்பது ஆறுதல் இல்லை. 'சில சமயம்' என்பதற்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கும்.

செஷன் இரண்டு இடங்களில் இருக்கிறது. பிரவுசரின் குக்கியில் ஓர் அடையாள எண் மட்டும். தரவு முழுக்க சர்வரில். கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரிதான்: டோக்கன் நம்ம கையில், செருப்பு அவங்ககிட்ட. தொலைந்தது டோக்கனா, செருப்பா? இது தெரியாமல் கோடில் கை வைக்காதீங்க.

தெரிந்துகொள்ள ஒரு லாக் வரி போதும். ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும், செஷனைத் தொடங்குவதற்கு முன்பே, குக்கியில் வந்த எண், நேரம், எந்த சர்வர் என்ற மூன்றையும் பதியுங்கள். எண்ணை அப்படியே எழுதாமல் ஹாஷ் செய்து எழுதுங்கள். லாக்கைப் பார்ப்பவர் அதை வைத்தே உள்ளே நுழைந்துவிடலாம்.

பழைய எண்ணே வந்தும் தரவு காலி என்றால், செருப்பு போயிருக்கிறது. பிஎச்பியில் செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஆனால் கெடு முடிந்த உடனே ஃபைல் அழியாது. இயல்பு அமைப்பில், செஷன் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒரு வாய்ப்பில்தான் துப்புரவு நடக்கும். கூட்டம் இல்லாத டெஸ்ட் சர்வரில் பிழை வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நீங்கள் ஆயுளை நீட்டியிருந்தாலும், அதே ஃபோல்டரைப் பகிரும் இன்னொரு தளம் குறைந்த ஆயுள் வைத்திருந்தால், அது உங்கள் ஃபைலையும் சேர்த்துத் துடைத்துவிடும். தனி ஃபோல்டர் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு குறிப்பிட்ட சர்வரில் மட்டும் காலியாக வருகிறதா? லோட் பேலன்சர் ஆளை இடம் மாற்றி அனுப்புகிறது. தரவை ரெடிஸ் போன்ற பொது இடத்துக்கு மாற்றுங்கள்.

எண்ணே வரவில்லை என்றால், டோக்கன் பிரச்சினை. பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது லாகின் போவது இதில் பிரபலம். சேம்சைட் குறிப்பிடாத குக்கியை 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை குரோம் 2020-இல் கொண்டுவந்தது. அதனால் பேமென்ட் தளம் போஸ்ட் முறையில் திருப்பி அனுப்பும்போது குக்கி கூட வராது. ஒரு விலக்கு உண்டு: குக்கி வைத்து 2 நிமிடம் ஆகவில்லை என்றால் வரும். அவசரமாகப் பணம் கட்டியவருக்குப் பிரச்சினை இல்லை, ஓடிபிக்குக் காத்திருந்தவர் மாட்டிக்கொள்கிறார். பார்ப்பவருக்கு அது 'சில சமயம்'.

இதற்கு சேம்சைட் 'நன்', செக்யூர் என்று வைக்கலாம். அப்போது சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் கட்டாயம். அதைவிட நல்லது, திரும்பி வரும்போது செஷனை நம்பாமல், கையொப்பம் சரிபார்த்த ஆர்டர் எண்ணை வைத்து ஆர்டரை முடிப்பது.

செஷன் ஆயுளை ஒரு நாளாக நீட்டிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் வைத்தியம். பகிர்ந்த ஃபோல்டர், லோட் பேலன்சர், சேம்சைட் ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட அது தீர்க்காது. முதலில் அந்த லாக் வரியைப் போடுங்க.