கல்யாண ஆல்பம் மட்டும் போதாது: ஆஸ்திரேலியத் துணை விசாவும் உங்கள் வாக்குமூலமும்

சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கும் துணையோடு சேர்ந்து வாழ யாழ்ப்பாணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் விண்ணப்பிக்கும் பலர், திருமணப் பதிவுச் சான்றிதழையும் கல்யாண ஆல்பத்தையுமே பெரிதும் நம்புகிறார்கள். திருமணம் நடந்தது என்பதைத்தான் அவை காட்டும். உறவு உண்மையானதா, தொடர்கிறதா என்று பார்க்க அதிகாரி புரட்டும் தாள்களில் முக்கியமானது, நீங்களும் துணையும் தனித்தனியே எழுதித் தரும் உறவு வாக்குமூலம்.

என்ன எழுதுவது?

ஆஸ்திரேலியாவின் 1994ஆம் ஆண்டுக் குடிவரவு விதிகள் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கின்றன: வரவு செலவை எப்படிப் பகிர்கிறீர்கள், வீட்டுப் பொறுப்புகளை யார் சுமக்கிறார்கள், உற்றார் உறவினர் உங்களைத் தம்பதியாக அறிவார்களா, ஒருவருக்கொருவர் எவ்வளவு பிணைப்பு. முதல் சந்திப்பு, உறவு வளர்ந்த விதம், பிரிந்திருந்த காலம், எதிர்காலத் திட்டம் ஆகியவற்றை இந்த நான்குக்குள் தேதியோடு சொல்லுங்கள்.

பெரியவர்கள் பேசி முடித்த திருமணம் என்றால் அப்படியே எழுதுங்கள். வரன் யார் மூலம் வந்தது, பெண் பார்த்தது எப்போது, நிச்சயத்துக்குப் பின் எப்படிப் பேசிப் பழகினீர்கள் என்பதே உங்கள் கதை. காதல் கதை கட்ட வேண்டியதில்லை. முந்தைய மணமுறிவையும் மறைக்காதீர்கள். பழைய விசா விண்ணப்பத்தில் நீங்கள் சொன்னது கோப்பில் இருக்கும். தேதிகளைக் கடவுச்சீட்டு முத்திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் தாளிலும் ஒரே வாக்கியங்கள் இருந்தால் சந்தேகம்தான் வரும்.

கையெழுத்தின் கனம்

இந்த வாக்குமூலத்தை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமும் தேதியும் இட்டுத் தரலாம். சட்டப்பூர்வ உறுதிமொழிப் பத்திரமாகவும் தரலாம். தாளில் எழுதித் தரும் பத்திரம் என்றால், அதிகாரம் பெற்ற சாட்சியின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மருத்துவர், மருந்தாளர், அமைதி நீதவான் போன்றோர் சாட்சியாகலாம். பத்திரத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 4 ஆண்டு வரை சிறை. உங்கள் உறவுக்குச் சாட்சியாக 888ஆம் படிவம் நிரப்பித் தரும் நண்பரும் உண்மையையே சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பிய, உங்கள் இருவரையும் அறிந்த இரண்டு பேராவது இப்படிவத்தைத் தர வேண்டும்.

பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததாகத் தெரிந்தால், விசா மறுக்கப்படுவதோடு 3 ஆண்டுத் தடையும் வரலாம். ‘ஏஜென்ட் எழுதினார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஏஜென்ட் என்றால், அவர் வழக்கறிஞரா அல்லது அரசிடம் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

சிக்கல் வந்தால்

தவறான தகவல் போய்விட்டதா? 1023ஆம் படிவத்தில் உடனே திருத்துங்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் கெடு தாண்டாமல் பதில் அனுப்புங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். மேல்முறையீட்டு உரிமை உண்டா, யார் செய்யலாம், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். 2024 அக்டோபர் முதல் இந்த மேல்முறையீடுகளை நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது.

‘விசாவை ரத்து செய்துவிடுவேன்’ என்று துணை மிரட்டினால் அஞ்ச வேண்டாம். விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அரசுக்கே உண்டு. வன்முறையால் உறவு முறிந்தாலும் நிரந்தர விசா பெற விதிகளில் வழியிருக்கிறது. அடி உதை மட்டுமல்ல, மிரட்டலும் பணத்தைப் பறித்து அடக்கிவைப்பதும் வன்முறையில் சேரும். 1800 737 732 என்ற உதவி எண் நாள் முழுதும் இயங்குகிறது. 131 450 மூலம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நிரந்தர விசாவுக்கான பரிசீலனை பெரும்பாலும் விண்ணப்பித்து 2 ஆண்டு கழித்தே நடக்கும். அப்போது நீங்கள் சொல்வது, இன்று எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும்.