கடதாசியில் ஒரு நாற்சார் வீடு

அம்மம்மா கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து ரொறன்ரோ வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் நாங்கள் ஆறு பேரும், அவர் பிறந்து வளர்ந்த மயிலிட்டி வீட்டை அவர் சொல்லச் சொல்ல வரைந்தோம்.

நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை. பின்வளவில் துலாக் கிணறு, வேலியோரம் பனைகள், வடக்கே கடல். “படுக்கையில் கிடந்தாலும் அலைச்சத்தம் கேட்கும்” என்றார்.

1990 ஜூனில் ஊரே இடம்பெயர்ந்தது. காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டதும் அம்மம்மா போய்ப் பார்த்தார். வீடு இல்லை, கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. அதை அடையாளம் வைத்தே குசினி எது, எல்லோரும் முழந்தாளில் நின்று செபமாலை சொன்ன இடம் எது என்று கண்டுபிடித்தாராம்.

அங்கிருந்து வெளிக்கிடும்போது எங்கள் அம்மாவுக்கு ஆறு வயது. அவருக்கு முற்றம் மட்டுமே ஞாபகம். முழு வீடும் தெரிந்தவர் இன்று அம்மம்மா ஒருவர்தான்.

அன்பான இளையோரே, உங்கள் வீட்டுக்கும் இந்தக் கோடையில் அம்மம்மாவோ அப்பப்பாவோ வந்திருப்பார்கள். கடதாசியும் பென்சிலும் எடுத்துப் பக்கத்தில் இருங்கள். “வாசல் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.