விழுந்து விழுந்து வாழ்ந்தவர்கள்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



ஹல்க் ஹோகன் யார் என்று நம் விடுதியில் யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். அண்டர்டேக்கர் என்றால் கண்ணை மேலே சொருகி நடித்தே காட்டுவான். நமக்கு மூத்த அண்ணன்மார்கள் கேபிள் டி.வி. வந்த காலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்து, டிரம்ப் கார்டு வைத்துக்கொண்டு உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று சண்டை போட்டவர்கள். அந்தப் பழைய போட்டிகள் இன்று நம் செல்போனிலேயே கிடைக்கின்றன. நானும் விடாமல் பார்க்கிறேன்.

பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அண்டர்டேக்கர் ஒருவனைத் தலைகீழாகத் தூக்கி இறக்குகிறாரே, அந்த ஒருவன் யார்? அவனுக்கு ஊர் இல்லையா, பேர் இல்லையா? வாரா வாரம் வந்து அடி வாங்கிவிட்டுப் போகிறானே, அவனுக்கு அது என்ன வேலை?

வேலைதான் நண்பர்களே! தோற்பதே அவர்கள் வேலை. அமெரிக்க மல்யுத்த உலகில் அவர்களை 'ஜாப்பர்' என்பார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தோற்க ஆள் எதற்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். "அட, எல்லாம் டூப்பு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சரிதான். 1989-ல் நியூஜெர்சி மாநிலத்தில் அந்தக் கம்பெனியே "இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு" என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கு உரிய அரசுக் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னார்கள்.

1980-களில் அவர்கள் வியாபாரம் எப்படி நடந்தது தெரியுமா? டி.வி.யில் வருவது விளம்பரம் மாதிரி. உண்மையான வரும்படி ஊர் ஊராக நடக்கும் காட்சிகளின் டிக்கெட்டில்தான் இருந்தது. பெரிய ஸ்டார் இரண்டு பேரை டி.வி.யில் இலவசமாக மோதவிட்டால் டிக்கெட் யார் வாங்குவான்? எனவே டி.வி.யில் ஸ்டாருக்கு எதிரே ஒரு ஜாப்பரை நிறுத்துவார்கள். ஒரே இரவில் பல வாரத்துக்கான நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்வார்கள். மூன்று நிமிடத்தில் ஸ்டார் ஜெயிப்பார். பார்க்கிற பையன் வாயைப் பிளப்பான். அடுத்த மாதம் அப்பாவை நச்சரித்து டிக்கெட் வாங்குவான்.

ஆக, ஸ்டாரின் பலத்தை நமக்குக் காட்டுகிறவன் ஸ்டார் அல்ல, விழுகிறவன்தான். அவன் சரியாக விழாவிட்டால் எப்பேர்ப்பட்ட பலசாலியும் பலசாலியாகத் தெரியமாட்டான்.

விழுவதும் ஒரு தொழில்நுட்பம்

"விழுறதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்காதீர்கள். நாம் படிக்கும் மெக்கானிக்ஸ் முழுவதும் அதில் இருக்கிறது.

மல்யுத்த ரிங் என்பது மெத்தை அல்ல. அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகைகள், அதன்மேல் மெல்லிய நுரை விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி. அவ்வளவுதான். அதன்மேல் முதுகு படிய விழ வேண்டும். விழும்போது முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்தலை அடிபடும். கைகளைப் பக்கவாட்டில் விரித்து உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும்.

ஏன் இப்படி? ஸ்டிரெஸ் என்பது லோடு வகுத்தல் ஏரியா என்று நாம் படித்திருக்கிறோமே, அதேதான். முழங்கையோ முதுகெலும்பின் நுனியோ மட்டும் பட்டால் முழு எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். முதுகு, தோள், கை எல்லாம் ஒரே நேரத்தில் பட்டால் அது பரவிவிடும். பலகை கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் மோதும் நேரமும் கூடுகிறது. நேரம் கூடினால் விசை குறையும். 'டமார்' என்ற சத்தமும் பார்க்கிறவனுக்கு இலவசம்!

ஒருவனைத் தூக்கிப் போடும்போதும் பாதி வேலை தூக்கப்படுகிறவனுடையது. அவன் சரியான நேரத்தில் எம்பிக் குதித்துக் கொடுக்க வேண்டும். கனத்த ஆளைக் குழந்தை மாதிரி தூக்குகிறார் என்று நாம் கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டலில் பாதி கீழே கிடப்பவனுக்குச் சேர வேண்டியது.

வலி குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. இதை வருஷக்கணக்காக இரவுக்கு இரவு செய்தால் முதுகும் முட்டியும் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். தயவுசெய்து யாரும் விடுதிக் கட்டிலில் முயற்சி செய்ய வேண்டாம்!

ஒன்பது வினாடி மனிதர்

இனி சிலரை அறிமுகப்படுத்துகிறேன். முதலாமவர் எஸ்.டி. ஜோன்ஸ். கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவைச் சேர்ந்தவர். 1985 மார்ச் 31-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரெசில்மேனியா நடந்தது. அதில் கிங் காங் பண்டி என்ற மலை போன்ற மனிதரிடம் ஜோன்ஸ் 9 வினாடியில் தோற்றார் என்று அறிவித்தார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தால் 20 வினாடிக்கு மேல் ஆகிறது. தோல்வியைக் கூடச் சுருக்கிச் சொன்னார்கள் பாருங்கள்! அடுத்த வருடம் 1986-ல் அதே பண்டி, இரண்டாம் ரெசில்மேனியாவில் கூண்டுக்குள் ஹல்க் ஹோகனோடு மோதும் அளவுக்கு உயர்ந்தார். அந்த உயரத்துக்கு ஒரு படிக்கல் ஜோன்ஸ். 2008-ல் அவர் காலமானார்.

இரண்டாமவர் கோகோ பி. வேர். தோளில் 'ஃபிராங்கி' என்ற பஞ்சவர்ணக்கிளியோடு கையை ஆட்டி ஆட்டி வருவார். இவர் வெறும் ஜாப்பர் என்று சொல்லிவிட முடியாது. ரசிகர்களுக்குப் பிடித்த ஆள், ஆனால் பெரிய வெற்றிகள் கிடையாது. 1990 நவம்பர் 22 சர்வைவர் சீரீஸ் போட்டியில் அண்டர்டேக்கர் என்ற புதிய மனிதர் அறிமுகமானார். அன்று அவர் முதலில் வெளியேற்றியது கோகோவைத்தான். 1993 ஜனவரி 11 அன்று 'ரா' நிகழ்ச்சி தொடங்கியது. அதன் முதல் போட்டியில் யோகோசுனாவிடம் தோற்றதும் கோகோதான். இரண்டு பெரிய வரலாறுகளின் முதல் பக்கத்திலும் அவர் கீழேதான் கிடக்கிறார். ஆனாலும் 2009-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்து மரியாதை செய்தார்கள். கேட்கவே மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

தன் முதுகைத் தானே தட்டியவர்

மூன்றாமவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர், பாரி ஹோரோவிட்ஸ். ஒரு சின்னப் பிடி பிடித்தாலும் போதும், தன் கையாலேயே தன் முதுகில் தட்டிக்கொள்வார். வேறு யாரும் தட்டிக்கொடுக்கப் போவதில்லை அல்லவா! அவர் போட்டுவரும் மேலாடையின் முதுகில் ஒரு உள்ளங்கை வடிவமே பதித்திருக்கும். வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தார்.

1995 ஜூலை மாதம். ஸ்கிப் என்றொரு ஆள், உடற்பயிற்சி வாத்தியார் மாதிரி அலட்டுகிறவர். அவர் எதிராளியை மதிக்காமல் பந்தா பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் ஹோரோவிட்ஸ் லபக்கென்று சுருட்டிப் பிடித்தார். ரெஃப்ரி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டார்! வர்ணனையாளருக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்த மாதம் சம்மர்ஸ்லாம் மேடையிலும் அதே ஸ்கிப்பை மறுபடி ஜெயித்தார். முடிவு செய்து வைத்த வெற்றிதான், தெரியும். இருந்தாலும் அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் கைதட்டினேன்.

ஸ்டார் விழுந்த நாள்

1993 மே 17. 'ரா' நிகழ்ச்சியில் ரேசர் ரமோன் என்ற பெரிய ஸ்டார். எதிரே ஒல்லியாக ஒரு 20 வயசுப் பையன், பெயர் 'தி கிட்'. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு பெயர் சொல்லி அவனை இறக்கிவிட்டார்கள். சாதாரண ஜாப்பர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திடீரென்று மூலைக் கம்பத்தின் மேலேறி, பின்பக்கமாகப் புரண்டு ரமோன் மேல் விழுந்தான். ஒன்று, இரண்டு, மூன்று! அன்றிலிருந்து அவன் பெயரே '1-2-3 கிட்' ஆகிவிட்டது. அவர்தான் ஷான் வால்ட்மன், பின்னாளில் எக்ஸ்-பேக்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரமோன் வேடம் போட்ட ஸ்காட் ஹால் அன்று அந்தப் பையனுக்காகப் படுத்துக் கொடுத்தார். அதனால் அவர் மதிப்பு குறைந்ததா? இல்லவே இல்லை. 2022-ல் அவர் மறைந்தபோதும் அந்தப் போட்டியைத்தான் பலர் நினைத்துப் பேசினார்கள். அடுத்தவன் எழுவதற்காக நாம் விழுந்தால் நாமும் நினைவில் நிற்போம்.

ஜாப்பராகத் தொடங்கி மேலே போனவர்களும் உண்டு. 1986-ல் அப்படி அடி வாங்கித் தாடையில் காயம்பட்ட மிக் ஃபோலி 1999 ஜனவரியில் சாம்பியன் ஆனார். 1994-ல் 16 வயதிலேயே, வயதைக் கூட்டிச் சொல்லி, ரேசர் ரமோனிடம் தோற்ற ஜெஃப் ஹார்டி 2008-ல் சாம்பியன் ஆனார். ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். பெரும்பாலானவர்கள் கடைசி வரை விழுந்துகொண்டேதான் இருந்தார்கள்.

தவறி விழுந்தால்?

1990 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் சார்ல்ஸ் ஆஸ்டின் என்ற ஜாப்பர் 'ராக்கர்ஸ்' ஜோடியோடு மோதினார். உடம்பை நீட்டிக் குப்புற விழ வேண்டிய ஒரு அடி. அவர் தலையை உள்ளே மடக்கிப் புரண்டார். கழுத்து முறிந்தது, உடல் செயலிழந்தது. 1994-ல் நடுவர் குழு அவருக்கு 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பணம் அவர் நடையைத் திருப்பித் தந்துவிடுமா, சொல்லுங்கள்?

இவர்கள் யாரும் நிரந்தர ஊழியர்கள் அல்ல. அந்தந்த இரவுக்குக் கூலி. ஸ்டார்களே கூடச் சட்டப்படி 'தனி ஒப்பந்தக்காரர்'கள்தான். 1986-ல் ஜெஸ்ஸி வென்சுரா என்ற மல்லர் "நாமெல்லாம் சேர்ந்து சங்கம் வைப்போம்" என்று உடைமாற்றும் அறையில் பேசினார். பலிக்கவில்லை. அந்த வென்சுராதான் பிற்பாடு மின்னசோட்டா மாநிலத்தின் கவர்னர் ஆனார் (1999–2003). மாநிலத்தையே ஆண்டார், தன் சக தொழிலாளிகளுக்கு ஒரு சங்கம் அமைக்க முடியவில்லை! சங்க மலரில் எழுதும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

காணாமல் போன கூட்டம்

1995 செப்டம்பர் 4-ஆம் தேதி டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பெனி அதே திங்கட்கிழமை இரவில் 'நைட்ரோ' நிகழ்ச்சியைத் தொடங்கியது. ரசிகன் சேனலை மாற்றிவிடுவானே என்ற பயத்தில் இரண்டு பக்கமும் ஸ்டாரோடு ஸ்டாரை மோதவிட ஆரம்பித்தார்கள். ஜாப்பருக்கு வேலை குறைந்தது. 2001 மார்ச்சில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஆனால் பழைய பழக்கம் முன்போலத் திரும்பவில்லை. ஹோரோவிட்ஸ் மாதிரி வாரா வாரம் வந்து தோற்கும் முகங்கள் அந்தக் காலத்தோடு போயின.

நமக்கு என்ன?

என் அப்பா கொத்தனாரிடம் பெரியாள் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். சுவர் நேராக நின்றால் "கொத்தனார் கை சுத்தம்" என்பார்கள். கலவை பதமாக வந்ததும், செங்கல் நேரத்துக்கு மேலே ஏறியதும் யார் கணக்கிலும் வராது. "தண்ணி கூடிப்போச்சுன்னா நாளைக்குச் சுவரே சொல்லிரும்டா" என்பார் அப்பா. கட்டிடத் திறப்புவிழாக் கல்லில் அவர் பெயர் இருந்ததில்லை. இந்த ஜாப்பர்களைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போவோம். எல்லாரும் சாம்பியன் ஆகிவிட மாட்டோம். பலர் அடுத்தவர் வேலை ஒழுங்காகத் தெரிவதற்காக உழைப்போம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த உழைப்புக்குக் கூலியும் பாதுகாப்பும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் யாராவது மேலே போனால், கீழே பிடித்துக்கொண்டிருந்தவன் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை பழைய போட்டி ஒன்றைப் பார்க்கும்போது ஜெயிக்கிறவரைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். விழுகிறவர் முகவாயை எப்படி நெஞ்சோடு சேர்க்கிறார், கையை எப்படி விரிக்கிறார் என்று பாருங்கள். போட்டி முடிந்ததும் அவர் பெயர் என்ன என்று தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தால் எனக்கும் வந்து சொல்லுங்கள். விடுதியில்தான் இருப்பேன்!