சங்கம் கேட்டதற்குத் தூக்கு: 1378-ல் ஃபுளோரன்ஸை உலுக்கிய கம்பளித் தொழிலாளர்கள்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் என்றதும் ஓவியமும் சிற்பமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்த நகரத்தில் பணம் புரண்டதற்குக் கம்பளித் துணி ஒரு முக்கியக் காரணம். அந்தத் துணியைத் தயாரித்த தொழிலாளர்களோ, சொந்தமாக ஒரு சங்கம் வைக்க ஒரு புரட்சியே செய்ய வேண்டியிருந்தது.

கில்டு என்றால் என்ன?

ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்திய சங்கம்தான் கில்டு. தொழிலில் யார் இறங்கலாம், சரக்கின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். ஃபுளோரன்ஸில் மொத்தம் 21 கில்டுகள். வெளிநாட்டுத் துணியை வாங்கி, மெருகேற்றி விற்ற வணிகர்களுடையது 'கலிமாலா'. கம்பளியை இறக்குமதி செய்து உள்ளூரிலேயே துணியாக்கியவர்களுடையது 'ஆர்தே தெல்லா லானா'.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கில்டில் உறுப்பினராக இருந்தால்தான் நகர அரசில் பதவி கிடைக்கும்.

வெளியே நின்றவர்கள் யார்?

கம்பளியைக் கழுவ, சிக்கெடுக்க, நூற்க, நெய்ய என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள். 1338 வாக்கில் 200-க்கும் மேற்பட்ட பட்டறைகள் இருந்ததாகவும், சுமார் 30,000 பேர் இத்தொழிலை நம்பிப் பிழைத்ததாகவும் அக்காலத்தில் வாழ்ந்த ஜொவான்னி வில்லானி எழுதியிருக்கிறார்.

ஆனால், கில்டில் இடம் முதலாளிகளுக்கு மட்டும்தான். தொழிலாளர்கள் அதன் விதிகளுக்குக் கட்டுப்படணும். மீறினால் தண்டிக்கத் தனி அதிகாரி. விதிகளை எழுதும் இடத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. தனிச் சங்கம் வைக்கவும் தடை. 1345-ல் தொழிலாளர்களைத் திரட்ட முயன்ற சூத்தோ பிராந்தினி தூக்கிலிடப்பட்டார்.

1378-ல் என்ன நடந்தது?

ஜூலை மாதம் 'சோம்பி' எனப்பட்ட கம்பளித் தொழிலாளர்கள் அரசு மாளிகையைக் கைப்பற்றினார்கள். கம்பளிப் பட்டறையில் வேலை பார்த்த மிக்கேலே தி லாந்தோ நகரத் தலைவரானார். சாயத் தொழிலாளர்கள், சட்டை தைப்பவர்கள், சோம்பிகள் ஆகியோருக்காக 3 புதிய கில்டுகள் உருவாயின.

ஏன் நிலைக்கவில்லை?

முதலாளிகள் பட்டறைகளை மூடினார்கள். வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பொறுமையிழந்த சோம்பிகள் கூடுதல் கோரிக்கைகளோடு திரண்டபோது, மற்ற கில்டுகள் எதிரணியில் நின்றன. ஆகஸ்ட் 31-ல் அவர்களை அடக்க முன்னால் நின்றவர், அவர்களே தலைவராக்கிய மிக்கேலேதான். சோம்பிகளின் கில்டு உடனே கலைக்கப்பட்டது. மற்ற இரண்டும் 1382-ல் காலி. அதே ஆண்டு மிக்கேலேயும் நாடு கடத்தப்பட்டார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

கில்டு தொழிலைப் பாதுகாத்தது உண்மைதான். ஆனால், அந்தப் பாதுகாப்பு உறுப்பினர்களுக்கு மட்டும்தான். ஒரு துறை எவ்வளவு செழித்தாலும், விதிகளை எழுதும் மேசையில் யாருக்கு நாற்காலி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பலன் யாருக்கு என்பது முடிவாகிறது. சோம்பிகளுக்கு அந்த நாற்காலி கிடைத்தது சில வாரங்கள் மட்டுமே.