மாடியில் மசாலா அல்ல... மாடிக்குக் கீழே ஜாஸ்!

மாசம் பொறந்தா வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க பயமாக இருக்கிறதா ஸார்? வாடகையில் ஐந்நூறு ரூபாய் ஏற்றினாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. நியூயார்க்கில் ஒரு கஃபேக்காரருக்கு 41 வருஷத்தில் வாடகை 77 மடங்கு ஏறியது!

கிரீனிச் வில்லேஜ் என்பது அந்த ஊரில் கலைஞர்கள் பேட்டை. அங்கே கார்னிலியா ஸ்ட்ரீட் என்று தம்மாத்தூண்டு தெரு. 1977-ல் ராபின் ஹிர்ஷ், சார்லஸ் மெக்கென்னா, ரஃபேலா பிவெட்டா என்று மூன்று கலைஞர்கள் சேர்ந்து அங்கே பாரிஸ் தெருமுனைக் கடை மாதிரி ஒரு கஃபே ஆரம்பித்தார்கள். சமையலறை? மூச்! ஒரு குட்டி டோஸ்டர் அவன்தான் கிச்சன். காபியும் குரோசான் என்கிற பிரெஞ்ச் பன்னும் கிடைக்கும்.

கலைஞர்கள் கடை வைத்தால் சும்மா இருப்பார்களா? பாட்டு எழுதுகிற இளவட்டங்கள் அங்கே கூடி, புதுப் பாட்டைப் பாடிக் காட்ட ஆரம்பித்தார்கள். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற சுஸான் வேகாவும் அப்படிப் பாடியவர்தான்.

ஆனால் ஜாஸ் வாசிக்க சட்டம் குறுக்கே நின்றது. 1926-லிருந்தே நியூயார்க்கில் ஒரு கேபரே சட்டம். தனி லைசென்ஸ் இல்லாத ஓட்டலில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. பியானோ, கிடார் ஓ.கே.; டிரம்ஸ், டிரம்பெட் மூச்சு விடக் கூடாது! டிரம்ஸ் இல்லாத ஜாஸ், மிருதங்கம் இல்லாத கச்சேரி மாதிரி அல்லவா?

வாரன் சியாசன் என்ற இசைக் கலைஞர் கோர்ட்டுக்குப் போனார். 1986-ல் வாத்தியத் தடை போச்சு. 1988-ல் 'மூணு பேர்' கணக்கும் போச்சு. சின்னச் சின்ன ஓட்டல்களில் ஜாஸ் நிம்மதியாக மூச்சு விட்டது.

கார்னிலியா கஃபேயிலும் அப்படித்தான். மேலே கோப்பையும் தட்டும் கலகலக்கும். படியிறங்கினால் குறுகலான நிலவறை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் வாசிப்பவர் நெற்றி வியர்வை தெரியும்! ஜாஸில் பிரெஞ்ச் ஹார்ன் ஊதிப் பெயர் வாங்கிய டேவிட் ஆம்ரம் அங்கே வாடிக்கையாக வாசித்தார். கவிதை, நாடகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எழுநூறு நிகழ்ச்சி.

பெரிய அரங்கில் டிக்கெட் விற்காது என்று ஒதுக்கப்படும் புதுப் பையனுக்கும் இங்கே மேடை கிடைத்தது. சின்னக் கூட்டம் வந்தாலே அறை களைகட்டிவிடும்.  சூப்பும் ரொட்டியும்தான் சங்கீதத்துக்குப் படியளந்தன.

ஆனால் சூப் விலையை 77 மடங்கு ஏற்ற முடியுமா? 2019 ஜனவரி முதல் தேதியோடு கடைக்குப் பூட்டு.

கேபரே சட்டத்தையும் 2017-ல் அடியோடு நீக்கிவிட்டார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஆடலாம். சட்டத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக ஒரு சியாசன் இருந்தார். வாடகையை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

உங்கள் தெருவிலும் யாராவது ஒரு சின்னக் கடையின் மூலையில் கிடாரோ வீணையோ வாசித்தால், அடுத்த முறை ஒரு காபி கூடுதலாகச் சொல்லுங்கள் ஸார். அந்த இசையின் வாடகை அதில்தான் இருக்கிறது!