சென்னையில் இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம் உஷார்!
வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பணத்தைக் காப்பாற்றுவது எப்படி?

அதிகாலை 5 மணி. எழும்பூர் ரெயில் நிலையம்.

விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி வெளியே வருகிறார். மனைவிக்கு இருதய வால்வில் கோளாறு. "சென்னை பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனைவியின் கம்மலை அடகு வைத்த பணம் ரூ.5 ஆயிரம் அவர் இடுப்பில் இருக்கிறது.

"எங்க பெரியவரே போவணும்?" என்று ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார்.

"பெரியாஸ்பத்திரிக்குத் தம்பி. எவ்ளோ ஆவும்?"

"ஒன்வே பெரியவரே. சுத்திக்கினு போவணும். எரநூறு குடு."

கொடுத்தார். ஆஸ்பத்திரி பக்கம் இறங்கியதும் இன்னொருவர் வந்தார். "ரூம் வேணுமா? பக்கத்துலதான், நல்ல ரூம்" என்று அழைத்துப் போனார். வாடகை ரூ.1,200. அழைத்துப் போனவருக்கு டீச் செலவு என்று ரூ.100.

மணி 6. பணத்தில் ரூ.1,500 காலி. டாக்டரை இன்னும் பார்க்கவில்லை!

கொடுமை அதோடு முடியவில்லை. அந்த லாட்ஜில் பகல் 12 மணியோடு ஒரு நாள் கணக்கு முடியும். காலை 6 மணிக்கு எடுத்த அறைக்கு 12 மணிக்கு மறுநாள் வாடகை கேட்டார்கள்.

சென்னைக்கு வைத்தியம் பார்க்க வரும் ஏழைகளுக்கு இது புதுக் கதை அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் இல்லை. ஆனால் ரெயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவே பணம் கரைந்து விடுகிறது. அந்த முதல் ஒரு மணி நேரத்தைக் கடந்து விட்டால், சென்னையில் குறைந்த செலவில் இருக்க வழி உண்டு.

அடுத்த ஸ்டேஷன்தான்!

எழும்பூரில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு (ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை) ஆட்டோவே தேவை இல்லை. எழும்பூரிலேயே கடற்கரை செல்லும் மின்சார ரெயில் நிற்கும். ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பார்க். இறங்கினால் பெரியாஸ்பத்திரி. டிக்கெட் ரூ.5. இரண்டு பேருக்கு ரூ.10.

ஊரில் எடுத்த டிக்கெட் எழும்பூரோடு முடிந்து விடும். அதனால் மின்சார ரெயிலுக்குத் தனி டிக்கெட் எடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் அபராதம்.

கோவை, சேலம் பக்கம் இருந்து சென்டிரலில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் சுலபம். சாலையைக் கடந்தால் எதிரே ஆஸ்பத்திரி. மகப்பேறு ஆஸ்பத்திரி, குழந்தைகள் ஆஸ்பத்திரி இரண்டும் எழும்பூரிலேயே இருக்கின்றன.

நடக்க முடியாத நோயாளி என்றால் ஆட்டோதான் வழி. ஆட்டோவுக்கு அரசு 2013-ம் ஆண்டு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு ரூ.25. அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு ரூ.12. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். அதற்குப் பிறகு பெட்ரோல், கியாஸ் விலை எவ்வளவோ ஏறி விட்டது என்பது டிரைவர்கள் சொல்லும் நியாயம். அதனால் மீட்டர் கட்டணத்துக்குக் கொஞ்சம் மேலே கேட்டால் கொடுக்கலாம். எழும்பூரில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு ரூ.200 என்பது நியாயம் அல்ல. ஏறுவதற்கு முன்பே பேசி முடிப்பது நல்லது.

பஸ்சில் வருகிறவர்களுக்கு

"சென்னை பஸ்" என்றால் கோயம்பேடு என்ற நினைப்பு பலருக்கு இன்னும் போகவில்லை. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. அதன்பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்று விடுகின்றன. வண்டலூர் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோ பிடித்தால் பர்ஸ் காலி.

பஸ் நிலையத்துக்குள்ளேயே மாநகர பஸ் கிடைக்கும். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரெயிலில் ஏறினால் நேராக எழும்பூர், பார்க். ரெயில் டிக்கெட் 10, 15 ரூபாய்க்கு மேல் போகாது.

வெள்ளைப் பலகை போட்ட சாதாரண மாநகர பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-ம் ஆண்டு மே மாதம் வந்தது. வெளியூர்ப் பெண்களும் போகலாம். இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் இருந்து விடக் கூடாது. கண்டக்டரிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் முன் ரூம் போடாதீர்!

பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறு இதுதான். வந்ததும் ரூம் போட்டு விடுகிறார்கள்.

புறநோயாளிகளை டாக்டர்கள் பார்ப்பது காலையில்தான். அங்கே இரண்டில் ஒன்று நடக்கும். "பெட்டில் சேருங்கள்" என்பார்கள். அல்லது மாத்திரை எழுதிக் கொடுத்து, "அடுத்த மாதம் வாருங்கள்" என்பார்கள். பெட்டில் சேர்த்தால் நோயாளிக்கு ரூம் எதற்கு? ஊருக்குப் போகச் சொன்னால் அன்று இரவே ரெயில் ஏறலாம். அப்போதும் ரூம் எதற்கு?

விடியும் வரை ரெயில் நிலையத்தில் பயணிகள் தங்கும் அறையில் உட்காரலாம். முகம் கழுவிக் கொள்ளலாம். மூட்டை முடிச்சை எழும்பூர், சென்டிரல் நிலையங்களில் உள்ள பொருள் பாதுகாப்பு அறையில் போடலாம். ரெயில் டிக்கெட் காட்ட வேண்டும். பைக்குப் பூட்டு போட்டிருக்க வேண்டும். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ஒரு சின்னப் பூட்டு ஊரிலேயே வாங்கி வருவது நல்லது.

பெண்கள் வார்டில் இரவில் ஆண்களைத் தங்க விடுவதில்லை. அதனால் மனைவியைச் சேர்க்க வருகிறவர்கள் அக்காளையோ, தங்கையையோ, மகளையோ துணைக்கு அழைத்து வர வேண்டும். நோயாளியின் துணைக்கு வருகிறவர்கள் தங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் மாநகராட்சி இரவுக் காப்பகங்கள் இருக்கின்றன. வார்டு நர்சிடம் கேட்டால் வழி சொல்வார்.

லாட்ஜில்தான் தங்கியாக வேண்டுமா? மூன்று கேள்வி கேளுங்கள்.

"24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?"

"வாடகையோடு வரி சேர்ந்ததா, தனியா?"

"ரசீது கொடுப்பீங்களா?"

ரூமைப் பார்த்த பிறகே பணம். புரோக்கர் கூட வந்தால் அவர் கமிஷனும் வாடகையில் ஏறும். தனியாகப் போய்க் கேட்டால் வாடகை குறையும். அடையாள அட்டை இல்லாமல் ரூம் கிடைக்காது.

200 ரூபாய்க்கு 5 நாள் சாப்பாடு!

அம்மா உணவகங்கள் 2013-ம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டன. அப்போது வைத்த விலை: இட்லி ஒரு ரூபாய். சாம்பார் சாதம் ரூ.5. தயிர் சாதம் ரூ.3. இரண்டு சப்பாத்தி ரூ.3. அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த உணவகங்கள் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் 4 இட்லி ரூ.4. மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம் ரூ.8. இரவு 4 சப்பாத்தி ரூ.6. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ரூ.18. இரண்டு பேருக்கு ரூ.36. ஐந்து நாளைக்கு ரூ.180.

விருத்தாசலம் விவசாயி ஆட்டோவுக்குக் கொடுத்த 200 ரூபாய், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு 5 நாள் சாப்பாடு! மிச்சம் 20 ரூபாய்க்கு டீ குடிக்கலாம்.

நேரம் தப்பினால் கிடைக்காது. சீக்கிரம் தீர்ந்து விடும். முன்னதாகவே வரிசையில் நிற்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ரெயில் சலுகை

மூத்த குடிமக்களுக்கு இருந்த ரெயில் கட்டணச் சலுகை 2020-ம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் நோயாளிகளுக்கான சலுகையை ரெயில்வே அப்போது நிறுத்தவில்லை.

புற்றுநோய் சிகிச்சைக்கும், இருதய ஆபரேஷனுக்கும், சிறுநீரகக் கோளாறில் டயாலிசிஸ் செய்யவும் போகிறவர்களுக்கு டிக்கெட்டில் பெரும் பகுதி தள்ளுபடி உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து, முத்திரை வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவர்கள் முழுக் கட்டணம் கொடுத்துப் போகிறார்கள்.

மறக்காமல் எடுத்து வர வேண்டியவை

ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே. ஒன்று விட்டுப் போனால் அதற்காக ஊருக்கு ஒரு நடை. எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் ஊரிலேயே எடுத்து வந்தால் அலைச்சல் குறையும்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. ஊர் திரும்பும் டிக்கெட் பணத்தை முதலிலேயே தனியாக முடிந்து விட வேண்டும். ஏ.டி.எம்.மில் "நான் எடுத்துத் தர்றேன்" என்று வருகிறவரிடம் கார்டைக் கொடுக்கவே கூடாது. "சீக்கிரம் பெட் வாங்கித் தர்றேன், டாக்டரைத் தெரியும்" என்று யார் பணம் கேட்டாலும் நம்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஊரில் இருந்தே 104-க்கு போன் செய்து மருத்துவ விவரம் கேட்டுக் கொள்ளலாம்.

மறுபடியும் எழும்பூர்

விருத்தாசலம் விவசாயி முதல் தடவை கொண்டு வந்த பணம் மூன்றாம் நாளே தீர்ந்தது. பக்கத்து பெட்காரரிடம் 300 ரூபாய் கைமாற்று வாங்கித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த பெட்காரர்தான் பார்க் ஸ்டேஷன் வழியையும் சொல்லிக் கொடுத்தார்.

மறு மாதம் செக்கப். அதே அதிகாலை. அதே எழும்பூர். இந்தத் தடவை தங்கையும் கூட வந்திருந்தார். பையில் பூட்டு தொங்கியது.

"பெரியாஸ்பத்திரியா பெரியவரே? எரநூறு குடு."

"வேணாம் தம்பி. அடுத்த ஸ்டேஷன்தானே" என்று சொல்லி விட்டு, மூன்று பேருக்கு ரூ.15 கொடுத்து டிக்கெட் வாங்கினார்.

பக்கத்து பெட்காரருக்குக் கொடுக்க வேண்டிய 300 ரூபாய் அவர் சட்டைப் பையில் தனியாக இருந்தது.